மடிக்கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு

புனே நகரில் வசிக்கும் நாங்கள் கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், பொறியியல் இரண்டாமாண்டு பயிலும் எங்கள் மகளுக்கென ஒரு மடிக்கணினி வாங்கினோம். விலை 54,000 ரூபாய். இணைய வணிகத் தளம் ஒன்றின் வழியாக, கடன் அட்டையில் மாதத்திற்கு 6,000 ரூபாய் வீதம் ஒன்பது தவணைகளாக அத்தொகையைச் செலுத்த ஏற்பாடு செய்திருந்தோம். பெட்டி வந்து சேர்ந்த ஐந்தாம் நாள் இரவு, திரையின் இடப்புறத்தில் மேலிருந்து கீழாக மயிரிழை போன்றதொரு பச்சைக் கோடு தோன்றியது. மறுநாள் காலையில் அது மறைந்திருந்தது. தானாகச் சரியாகிவிட்டது என்று எண்ணி நாங்களும் அதனை மறந்துவிட்டோம்.

பன்னிரண்டாம் நாள் அக்கோடு மீண்டும் வந்தது. இம்முறை அது மறையவில்லை. பொருளை மாற்றிக் கொடுக்க அத்தளம் அளித்திருந்த கால அவகாசமோ ஏழு நாட்கள் மட்டுமே.

எங்கள் இல்லத்தில் இருவருமே வங்கிப் பணியில் முப்பதாண்டுகள் கழித்தவர்கள். "படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள்" என்று எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை கூறியவர்கள். ஆயினும் குறைபாடுள்ள பொருள் ஒன்றை நம் பணத்தில் நாமே வாங்கியபோது, ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைகள் செய்தோம். அவற்றைத் திருத்திக்கொண்டு மாற்றுக் கணினியைப் பெற 83 நாட்கள் ஆயின. அவ்வனுபவத்தில் கற்றவற்றையும், சட்டமும் வங்கி நடைமுறையும் நுகர்வோருக்கு அளித்துள்ள வழிகளையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகின்றோம்.

பழுது எங்கே உள்ளது?

இன்றைய மடிக்கணினித் திரைகளுள் பெரும்பாலானவை திரவப் படிகத் திரைகளே. பின்புறத்திலிருந்து ஒளிவிளக்குகள் வெளிச்சம் தர, முன்னுள்ள படிக அடுக்கு அவ்வொளியைத் தேவையான அளவில் அனுமதித்தும் தடுத்தும் படத்தை உருவாக்குகின்றது. முழு உயர் தெளிவுத் திரை எனப்படுவதில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 எனப் படப்புள்ளிகள் அமைந்துள்ளன. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உட்புள்ளிகள் உண்டு. நெடுக்காக உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் திரையின் விளிம்பிலுள்ள நுண்ணிணைப்புகளின் வழியே மின்குறிப்பு செல்கின்றது. அவ்விணைப்புகளுள் ஒன்று தளர்ந்தாலும் அந்த வரிசை முழுவதும் பிறழ்ந்து, ஒரே நிறத்தில் நேர்க்கோடாகக் காட்சி தரும். எங்கள் மகளின் கணினியில் தோன்றிய பச்சைக் கோடு அத்தகையதே.

திரையில் பழுது தோன்றினால் அது திரையில்தான் உள்ளதா, மென்பொருளில் உள்ளதா, இணைப்புக் கம்பியில் உள்ளதா என்பதை ஓரளவு நாமே அறிந்துகொள்ளலாம். திருகாணி எதையும் கழற்ற வேண்டியதில்லை.

1. வீட்டிலுள்ள தொலைக்காட்சி அல்லது வேறொரு கணினித் திரையை எச்டிஎம்ஐ கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்துப் பார்க்கவும். வெளித்திரையில் படம் தெளிவாக இருந்தால், பழுது மடிக்கணினியின் திரையிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. வெளித்திரையிலும் அதே கோடு தெரிந்தால், படத்தை உருவாக்கும் பகுதியிலோ மென்பொருளிலோ பழுது இருக்கக்கூடும்.

2. கணினியை இயக்கும்போது, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னரே தோன்றும் பயாஸ் பக்கத்தைத் திறந்து பார்க்கவும். அங்கும் கோடு தெரிந்தால் விண்டோஸ் மென்பொருள் அதற்குக் காரணமன்று.

3. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கவும். அசைவுக்கேற்பத் திரை மினுங்கினாலோ இருண்டாலோ, கீல் வழியாகச் செல்லும் கம்பியின் மீது ஐயம் கொள்ளலாம்.

4. திரை முற்றிலும் இருண்டிருந்தால், கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கவும். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி பழுதடைந்துள்ளது என்று கொள்ளலாம்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கூறுதல் வேண்டும். பழுதைப் பதிவு செய்யக் கணினியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவோர் பலர். நாங்களும் முதலில் அதையே செய்தோம். திரையின் பழுது அதில் பதிவாகாது. கணினி தன்னுள் உருவாக்கிய படம் மட்டுமே பதிவாகும். எனவே கைப்பேசியால் திரையை வெளியிலிருந்து படம்பிடிக்க வேண்டும். மேற்கண்ட சோதனைகளைக் காணொளியாகவும் எடுத்து வைத்தல் நலம்.

குறைபாடா, சேதமா?

உத்தரவாதம் தொடர்பான பிணக்குகளுள் பெரும்பாலானவை இவ்வொரு வினாவிலேயே வந்து நிற்கின்றன. தயாரிப்புக் குறைபாட்டை நிறுவனம் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். பயன்படுத்துபவரால் நேர்ந்த சேதத்தைப் பொதுவான உத்தரவாதம் ஏற்பதில்லை. அத்தகைய சேதத்திற்கென விபத்துச் சேதப் பாதுகாப்புத் திட்டம் தனியாக விற்கப்படுகின்றது. நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் என்பது வேறு, விபத்துச் சேதப் பாதுகாப்பு என்பது வேறு. முன்னது காலத்தை மட்டுமே நீட்டிக்கும். இரண்டையும் ஒன்றென எண்ணிப் பணம் செலுத்துவோர் பின்னர் ஏமாற்றமடைகின்றனர்.

ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலைபோல் விரியும் விரிசல், மை சிந்தியது போன்ற கருந்திட்டு, மூடியின் மூலையில் அடிபட்ட தடம் ஆகியவை பொதுவாக வெளி அழுத்தத்தைக் குறிப்பவை. விசைப்பலகையின் மீது பேனாவையோ காதொலிக் கருவியையோ வைத்துவிட்டு மூடியை அழுத்தியதால் திரை உடைவதுண்டு. கேமராவை மறைக்க ஒட்டும் தடித்த மூடியும் சில வேளைகளில் அதே தீங்கைச் செய்யும். மாறாக, விரிசலோ தடமோ இன்றி விளிம்பிலிருந்து விளிம்புவரை ஓடும் நேர்க்கோடும், ஒளி சீரின்றிப் பரவுதலும், மினுக்கமும் பெரும்பாலும் உட்குறைபாட்டைச் சுட்டுவன. ஆயினும் கண்ணால் பார்த்த அளவில் எவரும் முடிவாகக் கூறிவிட இயலாது. இக்காரணத்தாலேயே பொருள் வந்த நாளில் அது இருந்த நிலைக்குச் சான்று தேவைப்படுகின்றது.

ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் எரியாமலோ அணையாமலோ இருப்பின், அதனைப் பல நிறுவனங்கள் குறைபாடாக ஏற்பதில்லை. எத்தனை புள்ளிகள்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பன்னாட்டுத் தர அமைப்பின் வரையறைகள் உள்ளன. அவற்றைத் தழுவி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எண்ணிக்கையை வகுத்துக்கொள்கின்றது. அவ்விவரத்தை உத்தரவாத ஏட்டிலேயே காணலாம்.

முதல் சில நாட்களின் அருமை

இணையத் தளங்களும் கடைகளும் மின்னணுப் பொருட்களை மாற்றித்தர அளிக்கும் காலம் மிகக் குறுகியது. அந்நாட்களுக்குள் முறையிட்டால் பெரும்பாலும் புதிய கணினியே மாற்றாகக் கிடைக்கும். அந்நாட்கள் கடந்துவிட்டால், நிறுவனத்தின் உத்தரவாதம் மட்டுமே எஞ்சும். அவ்வுத்தரவாதம் பெரும்பாலும் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகவே உறுதியளிக்கின்றது; கணினி முழுவதையும் மாற்றித் தருவதாக அன்று. ஐந்தாம் நாள் இரவு தோன்றி மறைந்த கோட்டை அன்றே நாங்கள் படம்பிடித்து முறையிட்டிருந்தால், இக்கட்டுரை எழுதவேண்டிய தேவையே நேர்ந்திராது.

எனவே விலையுயர்ந்த மின்னணுப் பொருள் எதையும் பெட்டி பிரிக்கும்போதே, முத்திரை கிழிக்கப்படுவது முதல் திரை ஒளிர்வது வரை இடைநிறுத்தமின்றிக் காணொளி எடுக்க வேண்டும். பெட்டியிலுள்ள வரிசை எண்ணும் கணினியின் அடியிலுள்ள எண்ணும் விற்பனைச் சீட்டிலுள்ள எண்ணும் ஒன்றே எனச் சரிபார்க்க வேண்டும். முதல் இரண்டு நாட்களிலேயே முழு வெண்மை, முழுக் கருமை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைத் திரை முழுவதும் காட்டிப் பார்க்க வேண்டும். சில மணிநேரம் தொடர்ந்து இயக்கியும் பார்க்க வேண்டும். சூடேறிய பின்னரே வெளிப்படும் பழுதுகளும் உண்டு. தோன்றி மறையும் குறையை, மறைந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடலாகாது. பெட்டியையும் உள்ளுறைகளையும் மாற்றிக்கொள்ளும் காலம் முடியும்வரை பாதுகாத்தல் வேண்டும்.

கையொப்பத்திற்கு முன்

பதினான்காம் நாள் கணினியை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் சேவை மையத்திற்குச் சென்றோம். அங்கிருந்த பணியாளர் கணினியைத் திருப்பிப் பார்த்தார். தட்டச்சு செய்து ஒரு தாளை நீட்டினார். ஜாப் ஷீட் எனப்படும் அத்தாளில் எங்கள் பெயரும் முகவரியும் சரியாக இருந்தன. கையொப்பமிடப் பேனாவை எடுத்தபோது மகள் தடுத்தாள். "அப்பா, கையெழுத்துப் போடாதீங்க. இதுல 'வெளிச் சேதம் இருக்கலாம்'னு எழுதியிருக்கு" என்றாள்.

அவ்வொரு வரியின் கீழ் கையொப்பமிட்டிருந்தால், திரையை உடைத்தவர்கள் நாங்களே என்று ஒப்புக்கொண்டதாகப் பின்னர் எவரும் வாதிட இயலும். புதிய திரைக்கு 14,500 ரூபாய் ஆகும் என்ற மதிப்பீடு அன்று மாலையே கைப்பேசிக்கு வந்தது. அந்தத் தொகை எவ்வரியை அடிப்படையாகக் கொண்டது என்பது அப்போது எங்களுக்குப் புரிந்தது.

பணியாளரிடம் சினம் கொள்வதில் பயனில்லை. அவர் முன்னரே வகுத்தளிக்கப்பட்ட சொற்றொடர்களுள் ஒன்றைத் தெரிவு செய்திருக்கக்கூடும். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுமாறு பணிவோடு கேட்டுக்கொண்டோம். "திரையின் இடப்புறம் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. கண்ணாடியில் விரிசல் இல்லை. மூடியில் அடிபட்ட தடம் இல்லை" என்று திருத்தி எழுதித் தந்தார். திருத்த மறுப்பாராயின், "இக்குறிப்பை ஏற்கவில்லை" என்று நம் கையால் எழுதி, நாளிட்டுக் கையொப்பமிடலாம். அத்தாளின் படி ஒன்றைக் கட்டாயம் பெற வேண்டும். ஒவ்வொரு முறை செல்லும்போதும் தனித்தனி ஜாப் ஷீட் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது. வாய்மொழியாகச் "சரிசெய்து விட்டோம்" என்று கூறித் திருப்பித் தந்தால், அப்பழுது முன்பே இருந்தது என்பதற்குப் பிற்பாடு சான்று இராது.

கணினியை ஒப்படைக்கும் முன்னர் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றிலிருந்து வெளியேறி, உலாவியில் சேமித்துள்ள கடவுச்சொற்களையும் அட்டை விவரங்களையும் நீக்கிவிட வேண்டும். திரையைச் சோதிக்க நம் கடவுச்சொல் தேவையில்லை. கேட்கப்பட்டால், விருந்தினர் கணக்கு ஒன்றை உருவாக்கித் தருதலே பாதுகாப்பானது.

தவணையை நிறுத்தலாமா?

கணினி சேவை மையத்தில் கிடக்க, தவணைத் தொகை மட்டும் மாதந்தோறும் கணக்கிலிருந்து செல்லும்போது மனம் கொதிப்பது இயல்பு. "பொருள் வேலை செய்யவில்லை, நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்ற வினாவை வங்கி முகப்பில் நாங்களே பன்முறை கேட்டிருக்கின்றோம். ஆயினும் தவணையை நிறுத்துவது தவறான வழி. பொருளை விற்றவருக்கும் நமக்கும் உள்ள உடன்பாடு ஒன்று. கடன் தந்த வங்கிக்கும் நமக்கும் உள்ள உடன்பாடு மற்றொன்று. தவணை தவறினால் தாமதக் கட்டணமும் வட்டியும் சேரும். அத்தவறு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் சென்று, நாளை வீட்டுக் கடனோ கல்விக் கடனோ கோரும்போது தடையாக நிற்கும். கணினியின் பழுதுக்காக நற்பெயரையும் இழக்கலாகாது.

அட்டைவழிப் பணம் செலுத்தியோருக்கு வேறொரு வழி உண்டு. குறைபாடுள்ள பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுத்தால், அப்பரிவர்த்தனையை எதிர்த்து வங்கியில் முறையிடலாம். இதனைச் சார்ஜ்பேக் என்பர். வங்கி அட்டை வலையமைப்பின் விதிகளின்படி அம்முறையீட்டை விற்பனையாளரின் வங்கிக்கு அனுப்பும். இதற்குக் காலவரம்பு உண்டு. ஆதலால் தாமதியாமல் வங்கியை அணுக வேண்டும். பொருளைத் திருப்பித்தர நாம் முயன்றதற்கும், விற்பனையாளர் மறுத்ததற்கும் எழுத்துவழிச் சான்று வேண்டும். சான்றின்றிச் செய்யப்படும் முறையீடு நிலைப்பது அரிது.

விலை முழுவதும் திரும்பக் கிடைக்கும் நிலையிலும் இரண்டு செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். விற்பனையாளர் பணத்தைத் திருப்பியதும் தவணைத் திட்டம் தானாக நின்றுவிடும் என்று எண்ணலாகாது. வங்கிக்குத் தெரிவித்து, அத்திட்டம் இரத்தானதை அடுத்த கணக்கறிக்கையில் சரிபார்க்க வேண்டும். மேலும், வட்டியில்லாத் தவணை எனப்படுவதிலும் செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதியின் மீதான சரக்கு மற்றும் சேவை வரியும் வசூலிக்கப்படுவதுண்டு. அவை பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை.

பொருளின் பழுதுக்கு வங்கி பொறுப்பன்று. ஆனால் திரும்பி வந்த தொகையைக் கணக்கில் சேர்க்காமை, முறையீட்டைக் கவனியாமை போன்றவை வங்கிச் சேவையின் குறைகளே. அதற்கு வங்கியில் எழுத்துவழி முறையிட்டு, 30 நாட்களுக்குள் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

சட்டம் தரும் துணை

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த இச்சட்டம், பொருளின் தரத்தில் உள்ள எந்தக் குறையையும், விற்பவர் கூறிய தரத்தினின்றும் அது தாழ்ந்திருத்தலையும் குறைபாடு என்றே வரையறுக்கின்றது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும், விற்பனைச் சீட்டு தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்துள்ளது.

இணைய வணிகத்திற்கென 2020-ஆம் ஆண்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். முறையீடு பெற்றதை 48 மணி நேரத்திற்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். தளத்தின் வழியே விற்கும் விற்பனையாளரும், பொருள் குறைபாடுடையதாக இருப்பின் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கலாகாது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் மணிக்கணக்கில் காத்திருப்பதைக் காட்டிலும், இவ்வலுவலருக்கு அனுப்பும் ஒரு மின்னஞ்சல் பயனுள்ளது.

அங்கும் தீர்வு கிட்டாவிடில், தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் இச்சேவை கிடைக்கின்றது. இம்மையம் நீதிமன்றமன்று, ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அதற்கில்லை. எனினும் நம் முறையீட்டை நிறுவனத்தின் உரிய அலுவலருக்கு அனுப்பி விடை பெற்றுத் தருகின்றது. எங்கள் முறையீட்டிற்கு முதல் தெளிவான விடை இவ்வழியாகவே கிடைத்தது.

இறுதி வழி நுகர்வோர் ஆணையம். பொருளுக்காகச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருப்பின் மாவட்ட ஆணையத்தையே நாட வேண்டும். அத்தொகை 5 லட்சத்திற்கு மேற்படாவிடில் வழக்குக் கட்டணம் இல்லை. நாம் வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ உள்ள ஆணையத்தில் வழக்குத் தொடுக்க இப்போதைய சட்டம் இடமளிக்கின்றது. விற்பனையாளர் குருகிராமிலும் தயாரிப்பாளர் பெங்களூரிலும் இருப்பினும், புனேவிலுள்ள நாங்கள் புனேவிலேயே வழக்கிடலாம். இணையவழித் தாக்கல் செய்யும் வசதி உண்டு. வழக்கறிஞரின்றி நாமே வாதிடவும் உரிமை உண்டு. பழுது வெளிப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும்.

ஆய்வின்றிக் குறைபாட்டை முடிவுசெய்ய இயலாத நிலையில், ஆணையம் பொருளை ஆய்வகத்திற்கு அனுப்பும். மூன்று மாதங்களுக்குள், ஆய்வு தேவைப்படின் ஐந்து மாதங்களுக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் கூடுதல் காலம் பிடிப்பதுண்டு. குறைபாட்டை நீக்குதல், புதிய பொருள் தருதல், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு வழங்குதல் ஆகியவற்றுள் பொருத்தமானதை ஆணையிடும் அதிகாரம் ஆணையத்திற்கு உண்டு.

வணிக நோக்கத்திற்காகப் பொருள் வாங்குவோரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சுயதொழில் வழியே தம் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்கென மட்டும் வாங்குவோருக்கு விலக்கு உண்டு. குடும்பத்திற்கென வாங்கும் கணினிக்கு நிறுவனத்தின் பெயரில் விற்பனைச் சீட்டு பெறுதல் பின்னர் இடர் விளைவிக்கலாம்.

எந்த நிலையில் எதைக் கோருவது?

ஒரு கோடு தோன்றியவுடனே புதிய கணினிதான் வேண்டும் என்று உறுதியாக நிற்பது எப்போதும் பலனளிப்பதில்லை. மாற்றிக்கொள்ளும் காலத்திற்குள் பழுது தோன்றினால் புதிய கணினியைக் கோரலாம். அதன் பின்னர் முதல்முறை பழுதானால், கட்டணமின்றிப் புதிய திரை கோருவதே ஏற்புடையது. பழுது மீண்டும் மீண்டும் வந்தால், மாற்றுக் கணினியோ முழுத் தொகையோ கோருவதற்கு வலுவான காரணம் நம்மிடம் உண்டு.

எங்களுக்கு 38-ஆம் நாள் கட்டணமின்றிப் புதிய திரை பொருத்தப்பட்டது. 60-ஆம் நாள், மூடியை அசைக்கும்போதெல்லாம் திரை மினுங்கி இருளத் தொடங்கியது. அடுத்த நாளே கணினியை ஒப்படைத்து இரண்டாம் ஜாப் ஷீட்டைப் பெற்றோம். நிகழ்ந்தவற்றை நாள்வாரியாக ஒரே பக்கத்தில் எழுதினோம். இரண்டு ஜாப் ஷீட்டுகள், விற்பனைச் சீட்டு, கைப்பேசிப் படங்கள், 1915-இல் பதிவான முறையீட்டு எண் ஆகியவற்றை இணைத்து, "இரண்டு மாதங்களில் இருமுறை பழுதடைந்த இக்கணினிக்கு மாற்றாக அதே தரத்திலான புதிய கணினி வேண்டும், 15 நாட்களுக்குள் விடை வராவிடில் மாவட்ட ஆணையத்தை நாடுவோம்" என்று நிறுவனத்திற்கும் தளத்திற்கும் ஒருங்கே அனுப்பினோம். கடுஞ்சொல் ஒன்றும் எழுதவில்லை. 83-ஆம் நாள் புதிய கணினி வந்தது. மாற்றுக் கணினியின் வரிசை எண் வேறாக இருக்கும் என்பதால், அதனைக் குறிப்பிட்டு உத்தரவாதக் கடிதமும் பெற்றுக்கொண்டோம்.

அதற்குள் மூன்று தவணைகளாக 18,000 ரூபாய் செலுத்தியிருந்தோம். 83 நாட்களுள் கணினி எங்கள் மகளின் மேசையில் இருந்தது 40 நாட்களுக்கும் குறைவே. எஞ்சிய நாட்களில் அவள் கல்லூரி ஆய்வகம் மூடும்வரை அங்கிருந்து பாடப் பணிகளை முடித்து, இரவு எட்டு மணிக்குப் பேருந்தில் வீடு திரும்பினாள். அந்த இழப்பை எந்த மாற்றுப் பொருளும் ஈடு செய்வதில்லை.

அலைச்சலில் பதுங்கும் மோசடி

பழுதான பொருளோடு அலைபவர்களைக் குறிவைக்கும் மோசடிக்காரர்கள் உள்ளனர். இணையத்தில் தேடிக் கிடைக்கும் சேவை எண் போலியாக இருக்கலாம். விற்பனைச் சீட்டிலும் நிறுவனத்தின் தளத்திலும் உள்ள எண்ணை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பணத்தைத் திருப்பித்தர ஒரு செயலியை நிறுவுமாறும், திரையைப் பகிருமாறும், பத்து ரூபாய் அனுப்புமாறும் எவரேனும் கூறினால் உடனே அழைப்பைத் துண்டிக்க வேண்டும். யுபிஐ வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. பணம் அனுப்புவதற்கே அது தேவை. ஏமாற்றப்பட்டால் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் தெரிவித்து, வங்கிக்கும் அறிவிக்க வேண்டும்.

பாதுகாக்க வேண்டியவை

விற்பனைச் சீட்டு, உத்தரவாத ஏடு, பெட்டி பிரித்த காணொளி, பழுதின் படங்கள், ஒவ்வொரு ஜாப் ஷீட்டின் படி, மின்னஞ்சல்கள், முறையீட்டு எண்கள், தவணை செலுத்திய கணக்கறிக்கை ஆகிய இவ்வெட்டும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். அச்சிட்ட விற்பனைச் சீட்டின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடக்கூடும். வாங்கிய நாளிலேயே அதனைப் படம்பிடித்து வைப்பீராக.

சட்டம் நமக்கு உரிமை தந்துள்ளது. அவ்வுரிமையை நிலைநாட்டுவது முதல் சில நாட்களில் நாம் எடுத்து வைக்கும் சான்றுகளே. எங்கள் மகள் அன்று சேவை மையத்தில் படித்துப் பார்த்த ஒரு வரி எங்களுக்கு 14,500 ரூபாயைக் காத்துத் தந்தது. புதிய கணினி வந்த அன்று பெட்டியை நாங்கள் திறக்க முற்பட்டபோது, "கொஞ்சம் பொறுங்க, முதல்ல வீடியோ எடுக்கலாம்" என்று கைப்பேசியை நீட்டியவளும் அவளே.